ரெண்டரை நிமிஷத்தில் திரும்பி வந்த கரண்ட்

எங்கள் கடையில் அசெம்பிள் செய்த யூ.பி.எஸ். பெட்டிகளின் முதுகில் ஒன்பது ஓட்டை வைத்த ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். தி.நகரில் ஒரு சந்துக் கடையில் ஏழு வருஷம் அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். பாட்டரி மாற்றுவேன், ரிலே மாற்றுவேன், டிரான்ஸ்ஃபார்மரில் எரிந்த வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். சாக்கெட்டை மட்டும் பிரஷ்ஷால் தூசி தட்டி விட்டுவிடுவேன். அதற்குப் போகிற நாலு ஒயரும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தெரியும். கரண்ட் போனால் ஒன்றில் சிக்னல் வரும். பாட்டரி தீரப்போகிறது என்றால் இன்னொன்றில் வரும். மூன்றாவதில் வெளியிலிருந்து சிக்னல் கொடுத்தால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். நாலாவது பொது. இத்தனையும் யாருக்காகச் சொல்கிறது, அந்தப் பக்கம் கேட்பது யார் என்பதுதான் தெரியவில்லை. ஒரு வாடிக்கையாளரும் அதில் எதையும் சொருகி நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருவர் சொருகியிருந்தார்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் மாடியில், ஒரு அம்மாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தார். டைப்ரைட்டிங் படிக்க வருகிறவர்கள் குறைந்துபோனதால் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, ஈமெயில் வந்தால் அச்சடித்துக் கவரில் போட்டுக் கொடுக்கும் வேலையையும் ஆரம்பித்திருந்தார். அந்தத் தெருக்களில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் அதிகம். காலையிலும் மாலையிலும் வகுப்பு. பத்து மணிக்குப் பூட்டிக்கொண்டு அடையாறில் இருக்கும் வீட்டுக்குப் போய், பக்கவாதத்தில் படுத்திருந்த கணவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நாலு மணிக்குத்தான் வருவார். நடுவில் கம்ப்யூட்டர் தானாகவே மணிக்கொரு தடவை போனில் கூப்பிட்டுத் தபாலை எடுத்து வைத்திருக்கவேண்டும்.

அது செய்யவில்லை. நாலு மணிக்கு வந்து பார்த்தால் பல நாள் கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கும். ஒரு தடவை, விமானத்தை மாற்றிவிட்டேன், நாளைக்குத்தான் வருகிறேன் என்று ஒரு பையன் எழுதியது வந்து சேராமல், வயதான அப்பாவும் அம்மாவும் மீனம்பாக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். அந்த அம்மாளால் அதைத் தாங்கமுடியவில்லை. கம்ப்யூட்டரை அமைத்து, யூ.பி.எஸ். சாக்கெட்டிலிருந்து அதற்கு ஒயரும் சொருகிக் கொடுத்தவர் அதே கட்டிடத்தின் மொட்டைமாடி அறையில் குடியிருந்த ஒரு இளைஞர். வேலையை விட்டுவிட்டு, விசாவும் வந்து, மாசக் கடைசியில் வெளிநாடு கிளம்புகிறார். அதற்குள் இது சரியாகவில்லை என்றால் தபால் வேலையை மூடிவிடுவது என்று அந்த அம்மாள் முடிவு செய்திருந்தார். பழுது யூ.பி.எஸ்.ஸில் என்று எங்கள் கடைக்குப் புகார் வந்தது. முதலாளி என்னை அனுப்பினார். மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கையே அழித்து அழித்துச் சரிபார்ப்பேன். பாதிக் கேள்வியோடு மணி அடித்துவிடும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதனால் அன்று பெட்டியை ஒரு தடவை சோதிப்பது போதாது என்று தோன்றியது. பிளக் பாயின்ட் சுவிட்சை அணைத்துவிட்டு, கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரெண்டு நிமிஷம் பெட்டி கத்தியது. பிறகு கம்ப்யூட்டர் தன் வேலைகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தது. இன்னொரு நிமிஷத்தில் பெட்டிக்குள் ரிலே என்கிற சுவிட்ச் 'டக்' என்று விழுந்து எல்லாம் இருண்டது. பாதியில் போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று முழுசாகப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து சுவிட்சைப் போட்டேன். பெட்டி எழுந்தது, கம்ப்யூட்டர் எழுந்தது, மோடம் விசில் அடித்துப் போன் பேசியது. ரெண்டு நாளில் பன்னிரண்டு தடவை செய்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. கடையிலிருந்து வேறு பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன். மறுநாளே அதனோடும் கம்ப்யூட்டர் நின்றிருந்தது.

பெட்டியில் கோளாறு இல்லை என்றேன். புரோகிராமில் கோளாறு இல்லை என்றார் மாடி அறைக்காரர். அந்த அம்மாள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் உன் பெட்டிங்கறான், நீ அவன் புரோகிராம்ங்கற. நடுவுல நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லிண்டிருக்கறது?"

எனக்கு அந்த ஒன்பது ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. கேட்டேன். மாடி அறைக்காரர் மேலேயிருந்து ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். ஓரத்தில் ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக விரிகிற பிரிண்டர் தாள். சாக்கெட்டில் வருகிற சிக்னலைக் கவனித்துக்கொண்டே இருக்கிற புரோகிராம் அது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும், திருத்தட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டாராம். காசு கிடையாதாம்.

இதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்கள் தொழிலில், போட்டிக் கடைக்காரன் பார்த்துக் காப்பி அடித்துவிடுவான் என்று ஐ.சி. சிப்பின் மேல் இருக்கிற எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டுத்தான் போர்டில் வைப்போம். அந்தத் தேய்க்கிற வேலையை முதல் ரெண்டு வருஷம் நான்தான் செய்தேன். இங்கே ஒருவர் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்திலேயே எதற்காக எழுதினேன் என்று விளக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் இங்கிலீஷ் போர்டில் இருக்கிற எழுத்துகளோடு முடிந்துவிடும். ஆனாலும் அவர் விரலை வைத்துச் சொல்லச் சொல்ல, ரிலே போர்டு படம் மாதிரிதான் தெரிந்தது. 'இஃப்' என்று இருக்கிற இடமெல்லாம் 'இப்படி ஆனால்' என்று பொருளாம். இது வந்தால் அது. வராவிட்டால் இங்கே. ரெண்டு நிமிஷத்துக்குள் கரண்ட் வந்தால் மூடுவதை ரத்து செய். வராவிட்டால் எல்லாவற்றையும் மூடு. கடைசி வரி, பெட்டியை அணையச் சொல். கரண்ட் திரும்பி வரும்போது பெட்டி எழும், கூடவே கம்ப்யூட்டரும் எழும். குறை எதுவும் கண்ணில் படவில்லை.

சரி, நிஜமாகக் கரண்ட் போகும்போது என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று மறுநாள் பத்து மணிக்கு அந்த அம்மாளிடம் சொல்லி உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். உறை போட்ட டைப்ரைட்டர் மிஷின்களும் நானும். வெயில் காலம். பதினொன்றரைக்கு ஃபேன் நின்றது. பெட்டி கத்த ஆரம்பித்தது. வாட்ச்சை எடுத்தேன். ரெண்டு நிமிஷம் ஆனதும் கம்ப்யூட்டர் மூட ஆரம்பித்தது. ரெண்டரை நிமிஷத்தில் ஃபேன் திடீரென்று சுற்றியது. பெட்டி கத்துவதை நிறுத்திப் பச்சை விளக்குக்கு வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் மூடிக்கொண்டே போய், நிறுத்தப்பட்டது என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது. ரிலே விழவில்லை. எல்லா விளக்கும் எரிகிறது, கம்ப்யூட்டரின் ஃபேன்கூடச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணி வரை இப்படியே நின்றிருக்கும்.

கரண்ட் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது? கீழே இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில் மெயின் போர்டு. அதன் எதிரே ஒரு மரப்பலகை மேல், ரப்பர் செருப்போடு, கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். நான் எதையும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் பேசினார்.

"இன்னா நைனா, மேல பொட்டி கத்திச்சா? அதான் ஃபேஸ மாத்தி உட்டேன்ல. எதிர்க்கடைல லைட்டு எரியுது, நம்மள்து மட்டும் அவுட்டுன்னா ஒரு ஃபேஸ்தான் பூட்ச்சின்னு அர்த்தம். எத்தினி வருசமா நான்தான் மாத்திக்கினு கீறேன், கேட்டுப் பாரு."

தெருவில் மூன்று ஃபேஸ், அதாவது தனித்தனியாக மூன்று கரண்ட் லைன், வருகிறது. வெயில் காலத்தில் பாரம் தாங்காமல் ஒன்று படுத்துவிடும். போர்டில் இருக்கிற கைப்பிடியைத் திருப்பினால் வேறு ஃபேஸ். கட்டிடத்தில் அது அவர் பொறுப்பு. யாரும் கொடுக்காத, யாரும் பிடுங்கவும் முடியாத பொறுப்பு. எப்படிச் செய்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் மிஷினில் மாட்டிக்கொண்ட தாளை உருவுவார். வெளியே போய் எதிர்க்கடையைப் பார்ப்பார். ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வார். பலகையை இழுத்துப் போட்டு ஏறுவார். அதையெல்லாம் நடித்துக் காட்டச் சொல்லி வாட்ச்சில் பார்த்தேன். ரெண்டரை நிமிஷம். திரும்பவும் பார்த்தேன். ஐந்து விநாடி வித்தியாசம், அவ்வளவுதான்.

"இன்னாத்துக்குய்யா டைம் பாக்கற? ஓட்டப் பந்தயமா?" என்றார்.

மொட்டைமாடிக்கு ஏறினேன். மாடி அறைக்காரர் பயணத்துக்குத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னதும் துணிகளை அப்படியே விட்டுவிட்டுத் தாள்கட்டை விரித்தார். கரண்ட் வந்தால் ரத்து செய் என்றுதான் இருக்கிறதே என்றார். எப்போது வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்றேன். விரல் வரி வரியாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. மூடுகிற வேலையில் முதலில் மூடப்படுகிறவற்றில் அந்தப் புரோகிராமும் ஒன்று. ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் கரண்ட் வந்தால் அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

"சரி பாஸ், கேக்காட்டி போகுது. கடைசில யூ.பி.எஸ்.ஸைத்தான் ஆஃப் பண்ணச் சொல்லுதே. ஆஃப் ஆகி ஆன் ஆனா சிஸ்டம் தானா எழுந்திரிச்சிருமே?"

"ஆஃப் பண்ணச் சொல்லுது சார். அது பண்ணலைன்னா?"

"பண்ணாம எப்படி?"

"மெயின் கரண்ட் இருக்கறப்ப எங்க பெட்டி அந்த சிக்னலை மதிக்காது சார். பாட்டரில ஓடறப்ப மட்டும்தான் கேக்கும். போர்டுலயே அப்படித்தான் வயரிங்."

அவர் என்னைப் பார்த்தார். இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. புரோகிராமை எழுதினவருக்கும் தெரிந்திருக்காது போலிருக்கிறது. அணை என்று சொன்னால் பெட்டி அணைந்துவிடும் என்று நம்பி, அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்காகக் காத்திருக்கிறது. பெட்டி, கரண்ட்தான் இருக்கிறதே என்று சும்மா இருக்கிறது. என் பன்னிரண்டு சோதனையும் ஏன் பாஸாயிற்று என்றும் அப்போதுதான் புரிந்தது. பயந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிஷம் விட்டேன். சீக்கிரம் சுவிட்சைப் போட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

சாயங்காலம் அந்த அம்மாளிடம் சொன்னோம். அவர் உடனே ஒரு வழி சொன்னார். ஜெராக்ஸ்காரரை ஐந்து நிமிஷம் பொறுத்து மாற்றச் சொன்னால் தீர்ந்தது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அவர் நல்லதுதான் செய்கிறார். அதைத் தாங்குகிற மாதிரி நாம்தான் எழுதவேண்டும் என்றேன். இப்படி யாரிடமும் நான் பேசியதில்லை. மாடி அறைக்காரர் சிரித்துக்கொண்டே கடைசி வரிக்குக் கீழே மூன்று வரி சேர்த்தார். அணையச் சொன்ன பிறகு ஐந்து நிமிஷம் பொறு. அப்புறமும் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று பொருள். முதலிலிருந்து ஆரம்பி.

மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் சோதனை. நான் கீழே சொல்லிவிட்டு வந்தேன். ஜெராக்ஸ்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கைப்பிடியை நடுவில் நிறுத்தி அணைத்தார், தாளை உருவினார், எதிர்க்கடையைப் பார்த்தார், செருப்பு, பலகை, ஒன்றையும் விடவில்லை. மேலே ரெண்டரை நிமிஷத்தில் ஃபேன் சுற்றியது. கம்ப்யூட்டர் மூடிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாலாவது நிமிஷத்தில், இதுவும் இல்லையென்றால் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆனதும் திரை கறுத்து, ஒரு பீப், பிறகு எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் மோடம் விசிலடித்தது. அந்த அம்மாள் எழுந்து போய் ஒரு டைப்ரைட்டரின் உறையைச் சரிசெய்துவிட்டு வந்தார்.

அந்த மூன்று வரியையும், எங்கள் பெட்டியின் வயரிங் விஷயத்தையும் மாடி அறைக்காரர் புரோகிராமை எழுதினவருக்கே ஈமெயிலில் அனுப்பினார். ரெண்டு நாளில் பதில் வந்தது. மற்ற தபால்களோடு அந்த அம்மாள் அதையும் அச்சடித்துக் கவரில் போட்டு எடுத்து வைத்திருந்தார். மாடி அறைக்காரர் படித்துச் சொன்னார். நன்றி, சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி. எங்கள் ஊரில் கரண்ட் போனால் மணிக்கணக்கில் வராது, இல்லையென்றால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். உங்கள் ஊரில் தினமும் சரியாக ரெண்டரை நிமிஷத்தில் அதை யார் கொண்டுவருகிறார்கள்?

அதற்கு நாங்கள் ஒரு பக்கம் பதில் எழுதினோம். ரப்பர் செருப்பு வரை எதையும் விடவில்லை.

எழுதி முடித்ததும் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டார். மாசம் முடிய மூன்று நாள் இருந்தது.

"இவன் வியாழக்கிழமை போயிடறான். நாளைக்கு இது வேற தினுசா நின்னுடுத்துன்னா நீ வருவியா? வருவேன்னா நடத்தறேன். இல்லேன்னா இப்பவே சொல்லிடு, நாலு பேருக்கு நம்பிக்கை குடுத்துட்டுப் பின்னாடி முழிக்கப்படாது."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொல்லவேண்டும். முதலாளி விடுவாரா என்று யோசிக்கவேண்டும். மழைக்காலத்தில் மாம்பலத்தில் தண்ணீர் நின்றால் எப்படி வருவது என்பதும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். மேஜை மேல் அந்தத் தாள்கட்டு இருந்தது. அறுபது எழுபது பக்கம் இருக்கும். அதில் நான் பார்த்தது கடைசி ஆறு பக்கம்தான். மற்றதில் என்னென்ன 'பண்ணலைன்னா' பாக்கி இருக்கிறதோ.

"வரேன் மேடம். ஆனா அந்தப் பேப்பரை எனக்குக் குடுத்துடணும்."

"எடுத்துண்டு போ. எனக்கு எதுக்கு அது" என்றார் அவர். பிறகு மாலை வகுப்புக்கு வந்த பெண்ணிடம், நாளைக்குப் புதுசாக ரெண்டு வீட்டுக்காரர்கள் பெயர் கொடுக்க வருகிறார்கள், ரெண்டு நாற்காலி எடுத்துப் போடு என்று சொன்னார்.

பன்னிரண்டு பி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் அதில் எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையைத் தேடினேன். பனகல் பார்க் வருவதற்குள் பதினோரு 'இஃப்' கிடைத்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.