மூன்றாவது அருவிக்குப் பக்கத்தில்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. கலிபோர்னியாவில் டாஹோ ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் நடந்தது இது. நானும் என் மனைவியும் ஃப்ரீமாண்டில் மகன் வீட்டில் இருக்கிறோம். எனக்கு எழுபத்திரண்டு வயது. கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சர்க்கரை உண்டு. அதைவிட அதிகமாகப் பயம் உண்டு.

மலை உச்சியில் ஓர் ஏரி இருக்கிறது, போகிற வழியில் மூன்று அருவிகள், காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று மகன் சொன்னதும், அங்கே கரடி உண்டா என்று கேட்டேன். "இருக்கும்ப்பா, ஒண்ணும் பண்ணாது" என்றான். போனில் சிக்னல் கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் கிடைக்காது" என்றான். இந்த இரண்டு பதில்களையும் கேட்ட பிறகு யாராவது கிளம்புவார்களா? என் மனைவி கிளம்பிவிட்டாள். புளியோதரை கட்டினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, மகன் வாங்கித் தந்த ஷூவை மாட்டிக்கொண்டாள். "வரலேன்னா வீட்டுலயே இருங்க. ஃப்ரிட்ஜுல தயிர் சாதம் வெச்சிருக்கேன்" என்றாள். நானும் கிளம்பினேன்.

இருட்டோடு புறப்பட்டு நான்கு மணி நேரம் காரில் போனோம். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஏற்கெனவே இருபத்தாறு கார்கள் நின்றன. எதையாவது எண்ணி முடித்தால்தான் எனக்கு மனசு அடங்கும். இத்தனை பேர் மேலே போயிருக்கிறார்கள் என்றால் கரடி நம்மையே தேர்ந்தெடுக்க வாய்ப்புக் குறைவு என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் அருவி வரைக்கும் மண் பாதை. பைன் மரங்களின் வாசம் நன்றாகவே இருந்தது. அதற்கு மேலே மரங்கள் குறைந்து, வெளுத்த பெரிய பாறைகளாக விரிந்தது மலை. பாறையில் பாதை எப்படித் தெரியும்? அதற்காக ஆங்காங்கே நாலைந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். "இதை ஃபாலோ பண்ணாப் போதும்ப்பா. தொலையவே முடியாது" என்றான் மகன். மூன்றாவது அருவியை அடைவதற்குள் பதினேழு கல் அடுக்குகளைக் கடந்திருந்தோம்.

அங்கே என் மனைவிக்கு முழங்கால் வலி ஆரம்பித்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேலே ஓடையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின் மீது நடந்து கடக்க வேண்டுமாம். பனி உருகித் தண்ணீர் அதிகமாக இருந்தால் அம்மாவால் முடியாது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகன் மட்டும் மேலே போனான். அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது.

கழிப்பறை கீழே, காரை நிறுத்திய இடத்தில்தான் இருந்தது. இங்கே மறைவாகப் போவது தவறில்லை, பாதையையும் தண்ணீரையும் விட்டுத் தள்ளிப் போனால் போதும் என்று மகன் சொல்லியிருந்தான். ஆனால் சுவரைப் பார்த்து நிற்கிறவர்களைத் திட்டியே ஆயுளைக் கழித்தவன் நான். பையையும் போனையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

"ரொம்பத் தூரம் போகாதீங்க" என்றாள்.

முதலில் ஒரு பாறைக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் மேலே போகிற பெண்கள் தெரிந்தார்கள். எனக்கு அவர்கள் தெரிந்தால் அவர்களுக்கும் நான் தெரிவேன் அல்லவா? ஒரு மேட்டைத் தாண்டினேன். அங்கே யாருடைய பேச்சுக்குரலோ கேட்டது. இன்னொரு மேட்டையும் தாண்டினேன். ஒருவழியாக வேலை முடிந்து திரும்பினால், எந்த மேட்டைத் தாண்டி வந்தேன் என்று தெரியவில்லை. எல்லாப் பாறையும் ஒரே நிறம், ஒரே உயரம்.

அருவியின் சத்தத்தை வைத்துப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் இரண்டு பக்கத்துப் பாறைகளிலும் மோதி, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கமிருந்தே வந்தது. அப்போதுதான் ஒரு கல் அடுக்கு கண்ணில் பட்டது. போன உயிர் திரும்பி வந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது. மகன் சொன்னபடியே அவற்றைத் தொடர்ந்து தைரியமாக நடந்தேன். ஒன்பதாவது அடுக்கைத் தாண்டியபோது ஒரு திறந்த வெளிக்கு வந்தேன். அங்கே ஒன்றல்ல, ஐம்பது அறுபது கல் அடுக்குகள். யாரோ உல்லாசமாக வந்தவர்கள் கோபுரம் கட்டி விளையாடியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் பாறை சரிந்து பள்ளத்தில் இறங்கியது. வழியே இல்லை.

எண்ணத் தெரிந்த எனக்கு, எதை எண்ணுகிறோம் என்று பார்க்கத் தெரியவில்லை.

மகன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் இல்லை. கை லேசாக நடுங்க ஆரம்பித்து, பின்கழுத்தில் குளிர்ந்த வியர்வை வந்தது. சர்க்கரை இறங்குவதன் அடையாளம் அது. சட்டைப்பையில் எப்போதும் நான்கு மிட்டாய் வைத்திருப்பேன். அன்று பை கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தேன்.

ஆனால் உண்மையில் என்னைப் பிடித்து ஆட்டியது வேறொரு பயம். நான் வரவில்லை என்றால் அவள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். என்னைத் தேடிக்கொண்டு எழுந்து வருவாள். அந்த முழங்காலோடு, அந்தப் புடவையோடு, இந்தப் பாறைகளில். ஃப்ரீமாண்டில் வாசல் மணி அடித்தால்கூட, வெளியே நிற்பவர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிடப் போகிறாரே என்று கதவைத் திறக்காதவள். அவள் எங்காவது விழுந்து கிடந்தால் யாரிடம் என்ன சொல்வாள்? இப்படியே யோசித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை. கையில் கடிகாரம் இருந்தும் பார்க்கத் தோன்றவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

"என்னாங்கா..."

பெண் குரல். ஆனால் என் மனைவியின் குரல் இல்லை. பிரமை என்றுதான் நினைத்தேன். சர்க்கரை ரொம்ப இறங்கினால் காதில் ஏதேதோ கேட்கும் என்று எங்கோ படித்திருந்தேன். உடனே அதற்குப் பதில் போல ஒரு தடித்த ஆண் குரல், "என்னாங்கா..." என்று நீட்டி முழங்கியது. பிறகு இரண்டும் சேர்ந்து. உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அந்தச் சொல்லுக்கு என் உடம்பு தானாக எழுந்துகொள்ளும் போலிருக்கிறது. எழுந்து நின்று, வீட்டில் சொல்வது போலவே, "இதோ வரேன்" என்று கத்தினேன்.

மேட்டின் மேல் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. கழுத்தில் இருந்த துண்டை எடுத்து வீசிக் காட்டினேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணியும், அவருடைய தாடி வைத்த கணவரும் கம்பை ஊன்றியபடி இறங்கி வந்தார்கள். அந்தப் பெண்மணி முதலில் கேட்டது, சர்க்கரை எப்படி இருக்கிறது என்று. கையோடு ஒரு சாக்லெட்டைப் பிரித்து என் வாயருகே நீட்டினார். சாக்லெட் ஆகாது என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூன்றாவது அருவி முந்நூறு அடிகூட இல்லை. ஒரே ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம்.

என் மனைவி அதே பாறையில் நின்றுகொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"தூரமா போகாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"ஆளுங்க இருந்தாங்க."

"இருந்தா என்ன? உங்களைப் பாக்கறதுக்கா அத்தனை தூரத்துலேர்ந்து மலை ஏறி வந்தாங்க?"

கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. நான் வராமல் கால் மணி நேரம் ஆனதும், பாதையில் போன அந்தத் தம்பதியைக் கையை விரித்துக் குறுக்கே நின்று மறித்திருக்கிறாள். ஹஸ்பண்ட், லாஸ்ட், சுகர் என்று மூன்றே சொற்கள். தேடப் போகிறோம், அவர் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"பேரைச் சொன்னியா?" என்றேன். கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் வாயால் என் பெயரை நான் கேட்டதில்லை.

"சொன்னேன். வேற என்ன பண்றது? ஆனா அவங்க சொல்லிப் பாத்தப்போ யாரோ பக்கத்து வீட்டுக்காரர் பேரு மாதிரி இருந்துச்சு. அதைக் கேட்டா நீங்க திரும்பக்கூட மாட்டீங்க. அதான், இது வேணாம், நான் கூப்பிடற மாதிரியே கூப்பிடுங்கன்னு ஜாடை காட்டி, நாலு தடவை சொல்லிக் குடுத்து அனுப்பினேன்."

இதற்குள் மகனும் மேலிருந்து இறங்கி வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனது. "அப்பா, உங்களுக்கு விசில் ஒண்ணு வாங்கிக் குடுத்தேனே?"

"அம்மா பையில இருக்கு."

அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடியை விடவே இல்லை.

அந்தப் பெண்மணி விடைபெறும்போது, இவ்வளவு நேரம் கத்தினோமே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கத் தொடங்குவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, "கம் ஹியர்" என்றாள். தாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இத்தோடு திரும்பிவிடலாம் என்று சொன்னேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஏரியைப் பாக்காம போறதா? நீங்க வேணா இங்கயே உக்காந்துக்குங்க. ஆனா அந்தப் பாறையை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றாள். அரை மணி நேரம் நடக்காமல் இருந்ததில் முழங்கால் தேறிவிட்டதாம். பயத்தில் வலி மறந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. ஓடையில் தண்ணீர் அதிகமில்லை. மகன் நடுவில் நின்று இரண்டு கையாலும் எங்கள் இருவரையும் பிடித்து மரத்தைக் கடக்க வைத்தான்.

ஏரி அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பக்கமும் செங்குத்தான மலை, அதன் மடிப்புகளில் ஜூலையிலும் உருகாத பனி, அடிக் கல் தெரிகிற தண்ணீர். கரையில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். அவள் ஷூவைக் கழற்றிக் காலை நனைத்து, ஐஸ் மாதிரி இருக்கிறது என்று இழுத்துக்கொண்டாள். எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டார்கள். தாடிக்காரர் எழுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "என்னாங்கா" என்று ஒரு முறை கூப்பிட்டார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போதும் ஃப்ரீமாண்ட் வீட்டில், அவள் தாளிக்கும்போது புகைக்கு அலாரம் கூவினால், துண்டை எடுத்து விசிறுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவாள். டப்பா மூடி திறக்கவில்லை என்றாலும் நான்தான். முன்பெல்லாம் படித்துக்கொண்டிருக்கிற பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுவேன். அன்று அந்தப் பாறையின் நிழலில் உட்கார்ந்து, இனி அந்தக் குரலைக் கேட்பேனா என்று நான் தவித்தது அவளுக்குத் தெரியாது. அதனால் முதல் தடவை கூப்பிட்டதுமே ஏன் எழுந்து வந்து நிற்கிறேன் என்பதும் அவளுக்கு இன்னும் புரியவில்லை.