மஞ்சள் தீற்றல்

கண்ணாடிக் கடையில் அவரை எல்லோரும் பளிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் லென்ஸை ஓரம் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. பொருத்தி முடித்ததும் ஒருமுறை துடைப்பார். டப்பாவில் வைக்கும்போது மறுபடி துடைப்பார். பில் போடுவதற்குள் டப்பாவைத் திறந்து இன்னொரு முறையும் துடைப்பார். "விட்டா, வாங்க வந்தவர் கண்ணையும் சேர்த்துத் துடைச்சு அனுப்பிடுவாரு" என்பது அந்தக் கடையின் பழைய ஜோக்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி விட்டுப் போனதற்கே இதுதான் காரணம் என்பாள் அவருடைய அக்கா. "தண்ணி குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள புடுங்கிட்டுப் போய்க் கழுவினா எவடா உன்கூட இருப்பா?" உண்மையில் காரணங்கள் வேறு. ஊர் கூடிப் பேசும்படி ஒரு சண்டைகூட நடந்ததில்லை. இரண்டு பேரும் பேசுவது குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிபோய்விட்டாள். பளிச்சு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மட்டும் மகள் அவருக்கு. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா பொருத்திக் கொடுத்த கண்ணாடியைத்தான் போட்டிருப்பாள். அவளுக்காகவே பளிச்சு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். பெரிதாக எங்கும் போவதில்லை. ஆற்றுப் பாலம்வரை போய், சற்று நேரம் நின்று, திரும்புவார்கள். வீட்டுக்குள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை, காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் மூச்சு விடாமல் பேசும். டீச்சரின் செருப்பு, பக்கத்துப் பெண்ணின் பொய், மாமா விடும் குறட்டை எல்லாம் வரும். அவர் முன்னால் பார்த்து ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். முகத்துக்கு முகம் பார்த்தால் அவளுக்கும் பேச்சு வராது, அவருக்கும் வராது.

அந்தச் சனிக்கிழமை, பாலத்துக்கு ஏறும் மேட்டில் சிவப்பு விளக்கு. பளிச்சு நிறுத்தினார். கை பிரேக்கை இழுத்தார். கிடைத்த இடைவெளியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையிலிருந்த துணியால் துடைத்தார். அப்போதுதான் பின்னால் டமால் என்றது.

சாமான் கொண்டுபோகும் மஞ்சள் வேன் ஒன்று டிக்கியில் இடித்திருந்தது. வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்தான். "சார், தப்பு என்னோடதுதான் சார். பிரேக் லேட்டாப் புடிச்சுட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" உதட்டைப் பல் கடித்ததில் மகளுக்கு லேசாக ரத்தம் வந்திருந்தது. பளிச்சு அவளைத் தூக்கி வைத்துக்கொண்டார். போட்டோ எடுக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. ஒத்துக்கொண்டு நிற்பவன் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது மரியாதையில்லை என்றும் அவருக்குப் பட்டிருக்கும்.

மாலையில் மகளைக் கொண்டுவிட்டபோது அவளே ஆரம்பித்தாள். "அப்பா கண்ணாடியத் துடைச்சிட்டிருந்தாங்கம்மா, அப்போ டமால்னு..."

மனைவி அவரைப் பார்த்தாள். "வண்டி ஓட்டும்போதா?"

"நின்னுட்டிருந்தோம். சிக்னல்ல."

"வீங்கியிருக்கு பாருங்க உதடு."

"பின்னாடி வந்தவன் இடிச்சான். அவனே ஒத்துக்கிட்டான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சரி. உங்க மேல தப்பில்லன்னு இன்சூரன்ஸ்காரங்க சொல்லட்டும். அப்புறம் கார்ல அனுப்பறேன். அதுவரைக்கும் நீங்க இங்க வந்து பாத்துட்டுப் போங்க."

அவருக்கு அது நியாயமாகவே தோன்றியது. உண்மை தன் பக்கம் இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்தார்.

கிளெய்ம் போட்டார். அந்த வாரமே இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "வேன் ஓனர் வேற மாதிரி சொல்றாரு சார். மேட்டுல நின்ன உங்க கார்தான் பின்னால உருண்டு வந்து இடிச்சதாம்."

"கை பிரேக் போட்டிருந்தேம்மா. அந்த டிரைவரையே கேளுங்க."

"அவர் இப்போ அங்க வேலையில இல்லையாம் சார். திங்கட்கிழமை எங்க சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பாரு."

வேன் டிரைவர் கொடுத்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சிக்னலில் கேமரா மாட்டுவதற்கான கம்பம் இருந்தது, கேமரா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பளிச்சு வாளியும் துணியுமாக வாசலுக்கு வந்தார். வெளியாள் ஒருவர் வந்து பார்க்கப்போகும் வண்டி. கூரையில் பறவை எச்சம், சக்கரத்தில் சேறு, டிக்கியில் பம்பரை ஒட்டி நசுங்கிய இடத்தின் குறுக்கே மஞ்சளாக ஒரு தீற்றல். நசுங்கலைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் தொடவில்லை. அழுக்கைத்தான் எடுத்தார். அந்த மஞ்சள் கோடு தண்ணீருக்கு மசியாததால், கடையில் ஃபிரேமுக்குப் போடும் பாலிஷைக் கொண்டுவந்து, சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்தார்.

அக்கா காபி டம்ளரோடு வந்து நின்றாள். "அந்தாளு என்னடா, காருக்குள்ள குடித்தனம் வைக்கவா வராரு?"

"நம்ம வண்டியை நாம எப்படி வச்சிருக்கோம்னு பாப்பாங்கல்லக்கா. அழுக்கா இருந்தா ஓட்டறதும் அப்படித்தான் இருக்கும்னு நெனைப்பாங்க."

சர்வேயர் கண்டிப்பான ஆள் இல்லை. குனிந்து பார்த்தார், டார்ச் அடித்தார், விரலால் தடவினார். பிறகு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இங்க என்ன போட்டுத் துடைச்சீங்க?"

"பாலிஷ் சார்."

"வேன் பெயின்ட் ஒட்டியிருந்ததா?"

"மஞ்சளா ஒரு கோடு இருந்தது சார். எடுத்துட்டேன்."

சர்வேயர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஓடி வர்ற வண்டி பிரேக் அடிச்சா மூக்கு கீழ குனியும் சார். அப்போ பெயின்ட் தாழ்வா ஒட்டும். நிக்கிற வண்டி மேல நீங்க உருண்டு போயிருந்தா மேல ஒட்டும். அந்தக் கோடு எவ்வளவு உயரத்துல இருந்ததுன்னு பாத்தாலே யார் யாரை இடிச்சாங்கன்னு நான் சொல்லியிருப்பேன்."

"கீழதான் சார் இருந்தது. பம்பர் ஓரமா. நான் குனிஞ்சுதான் துடைச்சேன்."

"நீங்க சொல்றீங்க. வண்டி சொல்லணுமே."

கடையில் அன்று பளிச்சு மூன்று ஃபிரேம்களைத் துடைக்காமலேயே டப்பாவில் வைத்தார். கடைக்காரர் அவற்றை எடுத்துத் தானே துடைத்து வைத்தார்.

முடிவு வர மழைக்காலம் வந்துவிட்டது. அதே பெண்தான் போனில் சொன்னாள். "ரெண்டு பக்கமும் சமமாப் பொறுப்புன்னு முடிச்சிருக்காங்க சார். ரிப்பேர் செலவுல பாதி கிடைச்சுடும்."

"பணமே வேண்டாம்மா. என் மேல தப்பில்லன்னு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்களேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அப்படித் தர முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அக்காவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "முழுசா நம்ம பக்கம்னு சொல்லிடுடா அவகிட்ட. அவ என்ன ஆபீஸுக்குப் போயா விசாரிக்கப்போறா?"

அவரும் அப்படித்தான் சொல்ல நினைத்துப் போனார். படி ஏறும்வரை வார்த்தைகள் தயாராக இருந்தன. மனைவி கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லிவிட்டார், பாலிஷ் போட்டுத் தேய்த்தது உட்பட.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். "நீங்க துடைச்சிருப்பீங்க. அதை நான் நம்பறேன்."

"அப்போ கார் நின்னுட்டிருந்ததையும் நம்பு."

அவள் கதவுத் தாழ்ப்பாளைத் திருகியபடி நின்றாள். "நம்பறேன்னே வச்சுக்குவோம். நம்பறதுக்கும் பிள்ளைய ஏத்தி அனுப்பறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்குங்க. அவங்களே பாதி உங்க மேலன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க அண்ணன் என்னைத்தானே கேப்பாரு?"

உள்ளே வரச் சொன்னாள். மச்சான் டிவியின் ஒலியைக் குறைத்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கூட்டினார். மகள் வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுப்பா."

"டீச்சர் புதுச் செருப்பு வாங்கினாங்களா?"

அவள் மாமாவைப் பார்த்தாள், கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தாள். "தெரியலப்பா."

அவளுடைய கண்ணாடியில், வலது லென்ஸின் ஓரத்தில் ஒரு கைரேகை படிந்திருந்தது. பளிச்சுவின் கை சட்டைப்பைக்குப் போனது. துணி விரலில் பட்டது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை வெளியே எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"காரை எங்கப்பா நிறுத்தியிருக்கீங்க?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"கீழதான் நிக்குது."

அவள் தலையசைத்தாள். பிறகு இருவரும் டிவியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.