அட்ஜஸ்ட் பண்ணாத ரோஸ்மேரி

இந்த ஊரில் எனக்குக் குமட்டலை வரவழைக்கிற சொல் ஒன்று இருக்கிறது. சாயத்தண்ணீர் நாற்றம்கூட மூக்குக்குப் பழகிவிட்டது, இது பழகவில்லை. 'அட்ஜஸ்ட்'. நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரின், அதாவது எங்கள் துணியை வாங்குகிறவரின், மெயிலைப் படிப்பது, பதில் எழுதுவது, அவர்கள் கேட்டதைத் தமிழில் தையல் லைனுக்குச் சொல்வது, இதுதான் என் பிழைப்பு. அதனால் அகராதியை அடிக்கடி புரட்டுவேன். அதில் இந்தச் சொல்லுக்கு நேரே சரிப்படுத்து, பொருத்து, ஒழுங்குசெய், இசைந்துபோ என்று மரியாதையான அர்த்தங்களாகப் போட்டிருக்கிறது. எழுதிய புண்ணியவான் பனியன் கம்பெனிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார்.

எங்களிடம் அதற்கு வேறு அர்த்தங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்றால் அட்ஜஸ்ட். பெண்கள் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தியை வெளியே காவல் நிறுத்திவிட்டுப் போ என்றால் அட்ஜஸ்ட். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பேரை அடைத்தால் அதுவும் அதுதான். ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் முதலுதவிப் பெட்டியில் மருந்து முளைப்பதற்கும் அதே பெயர். கட்டிங் மாஸ்டர் இடுப்பில் கை வைத்தார் என்று போன வருஷம் ஒரு பெண் அழுதுகொண்டு ஆபீசுக்கு வந்தாள். "சித்த அட்ஜஸ்ட் பண்ணிப் போ கண்ணு" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பொய், பயம், பித்தலாட்டம், அசிங்கம் என்று தமிழில் தனித்தனியாகப் பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் இந்த ஊர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது.

எங்கள் கம்பெனியில் அந்தச் சொல்லை வாயில் எடுக்காத ஒரே ஆள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்துக்காரி, வயது நாற்பத்தொன்று. கல்யாணமான மறுமாதமே புருஷன் சகாயராஜுடன் பஸ் ஏறி இங்கே வந்தவள். வேலம்பாளையத்தில் ஒற்றை அறைக் குடித்தனம். துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பில் தொடங்கி, செக்கிங்குக்குப் போய், ஆறு வருஷமாக ஊசி ரிஜிஸ்டர் அவள் பொறுப்பில் இருந்தது.

ஊசி ரிஜிஸ்டர் என்பது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு. மிஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, நோட்டில் வரிசையாக வைத்து, செல்லோடேப் ஒட்டி, முழு ஊசி வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. காரணம் எளிது. ஒரு துண்டு துணிக்குள் மாட்டிக்கொண்டு போனால், போட்டுக்கொள்கிறவர் உடம்பில் ஏறும். நாங்கள் தைப்பதோ கைக்குழந்தைகளின் உடுப்பு.

மற்ற கம்பெனிகளில் இந்தச் சடங்கு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரோஸ்மேரி நடத்தியது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பாள். ஊசி உடைந்தது என்றால் அதை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் தவழ்வாள். ஒட்டிய துண்டுகளைப் புது ஊசியோடு சேர்த்துவைத்து அளப்பாள். மயிரிழை குறைந்தாலும் மறுபடி தவழ்வாள். டெய்லர்கள் அவளை 'ஊசி போலீஸ்' என்றார்கள். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். நாற்பத்தாறு பெட்டி தயார். பகல் பதினொரு மணிக்கு டெய்லர் நதியா கையைத் தூக்கினாள். அவள் ஓட்டுவது பேட்லாக் மிஷின். அதில் மூன்று ஊசி. ஒன்று உடைந்தாலும் மற்ற இரண்டும் தைத்துக்கொண்டே போகும், குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"எப்ப ஒடஞ்சுச்சுன்னே தெரியலக்கா. டார்கெட்டு டார்கெட்டுன்னு காலைலருந்து கத்துறாங்க, நான் தலையவே நிமுத்தல" என்று நதியா அழுதாள்.

ரோஸ்மேரி தவழ்ந்தாள். ஊசியின் மேல்பாதி மிஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. அரை மணி நேரம் தேடியும் இல்லை. நதியா காலையிலிருந்து தைத்த பீஸ்கள் அயர்னிங் முடிந்து, மற்றவற்றோடு கலந்து, பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. அப்படியானால் அந்த முனை நாற்பத்தாறு பெட்டியில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதற்கென்றே டிடெக்டர் மிஷின் ஒன்று எங்களிடம் நிற்கிறது. உடுப்பை உள்ளே விட்டால் இரும்பு இருக்கிறதா என்று சொல்லிவிடும். அதன் போர்டு எரிந்து அப்போதே எட்டு மாதம். ஆடிட்டுக்காக பெல்ட் மட்டும் ஓடும், பச்சை விளக்கு மட்டும் எரியும். உள்ளே கடப்பாரையை விட்டாலும் பச்சைதான்.

"பக்கத்து கம்பெனில கேட்டு அவுக டிடெக்டர்ல விட்டுருவோமே" என்றாள் ரோஸ்மேரி.

கேட்டால் எங்களுடையது ஓடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் லைன் இன்சார்ஜ் சண்முகவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். திறந்து காட்டினார். உள்ளே முழுக்க ஊசி முனைகள். பெருசு, சிறுசு, எல்லா நம்பரும். வருஷக்கணக்கில் அந்த மனிதர் சேர்த்து வைத்த சொத்து அது. கன்டெய்னர் அவசரத்தில் நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதுக்குப் போயி ஏனுங்க்கா இத்தன ரோசன? அளவுக்குத் தோதா இந்தாங்க, ஒண்ணு இருக்குதுங்க. ஒட்டிப்போட்டுக் கையெழுத்தப் போட்டுருங்க. சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். கொங்குநாட்டு மரியாதை ஒன்றும் குறையவில்லை. அந்த 'ங்க'தான் எனக்கு இன்னும் எரிச்சல். அயோக்கியத்தனத்தையும் எத்தனை பணிவாகச் சொல்கிறோம்!

"முடியாது அண்ணாச்சி. பெட்டியப் பிரிங்க. நானே ஒவ்வொண்ணா காந்தத்த வச்சுத் தடவுதேன். நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"நாளைக்கு சாயந்தரம் கப்பலு நமக்காக நிக்குமுங்களா?"

முதலாளியைக் கூப்பிட்டார்கள். சிவசுப்பிரமணியம் வந்தார். கிருத்திகை தவறாமல் முருகனைக் கும்பிடுகிறவர், நெற்றி நிறையத் திருநீறு. யாரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"ஏனம்மிணி, கம்பெனி நல்லா இருந்தாத்தானுங்களே நாம எல்லாரும் சோறு திங்க முடியும்? ஒருக்கா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அடுத்த ஆர்டருக்குள்ள மிஷின ரெடி பண்ணிப்போடலாம்."

ரோஸ்மேரி போய்ப் பக்கத்துப் பெட்டியைப் பிரித்தாள். ஒரு பீஸை எடுத்து அவர் முன்னால் மேஜையில் விரித்தாள். ஆறு மாதக் குழந்தைக்கானது, மஞ்சள் வாத்துப் படம் போட்டது.

"ஒங்க பேத்திக்கும் இந்தச் சைசுதான சார் இருக்கும்? கொண்டுபோயி இன்னைக்கே போட்டுவிடுங்க. நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

அவர் அந்த வாத்துகளைப் பார்த்தார். கை நீளவில்லை. நீளாததோடு, இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். சண்முகவேலும் பார்த்தார். அப்படியென்றால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பேச்சு ரொம்பப் பெருசா இருக்குதுங்க அம்மிணி" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க போட்டுருங்க."

கையெழுத்துப் போட மறுத்திருந்தால் என் வீட்டில் அடுப்பு அணைந்திருக்காது. வேறு கம்பெனியில் வேலை கிடைக்காமலும் போயிருக்காது. ஆனாலும் போட்டேன். தீப்பெட்டி முனை செல்லோடேப்புக்குள் பளபளவென்று அழகாக உட்கார்ந்திருந்தது. அளந்து பார்த்திருந்தால் ரோஸ்மேரி கண்டுபிடித்திருப்பாள், மயிரிழை நீளம் அதிகம். ஆறு மணிக்கு கன்டெய்னர் போய்விட்டது.

மறுநாள் ரிஜிஸ்டரை அவளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். கக்கூஸை ஒட்டிய மூலையில் ஸ்டூல் போட்டு, பிசிறு வெட்ட உட்காரவைத்தார்கள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் போகவில்லை. வெட்டினாள்.

லைனில் பையர் ஒட்டச்சொன்ன போஸ்டர் ஒன்று உண்டு, தொழிலாளர் புகார் சொல்ல போன் நம்பரோடு. அதில் யாரும் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ரோஸ்மேரி கூப்பிட்டாள். எடுத்த பெண் தமிழில்தான் பேசினாளாம், எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டாளாம். அந்தப் புகார் எங்கெங்கோ சுற்றிப் பதினோராம் வாரம் ஒரு மெயிலாக வந்து விழுந்தது. எங்கே? என் கம்ப்யூட்டரில். 'ஊசி முனை கிடைத்ததா, விளக்கவும்' என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளியிடம் காட்டினேன். "என்ன எழுதோணும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். தெரியும். என் கையெழுத்துள்ள பக்கத்தையே போட்டோ எடுத்து, முனை அன்றே முழுமையாகக் கிடைத்தது என்று எழுதி அனுப்பினேன். இங்கிலீஷ் பிழையில்லாமல் இருந்தது. மறுநாளே பதில் வந்தது. நன்றி சொல்லி, தங்கள் பதிவேட்டையும் அதற்கேற்ப 'அட்ஜஸ்ட்' செய்துகொண்டதாக எழுதியிருந்தார்கள். கடல் தாண்டினாலும் வியாதி அதேதான். காறித் துப்பலாம் போலிருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

புகாருக்கான பதிலைத் தமிழில் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. அதையும் நான்தான் எழுதினேன். 'மேற்படி ஊசி முனை அன்றைய தினமே முழுமையாகக் கண்டெடுக்கப்பட்டது எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.' சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்மேரி அதன் முன்னால் டிபன் பாக்ஸோடு நின்று படித்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள். நான் பைலைப் புரட்டினேன்.

"சார், அது நீங்க எழுதுனதுதான?"

நான் தலையசைத்தேன்.

"ரெண்டாயிரத்துச் சொச்சம் புள்ளைக போட்டிருக்கும் சார் இந்நேரம். எந்தப் புள்ளைன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. கண்ண மூடுனா புள்ள அழுத சத்தமா கேக்கு." அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "ஒங்களுக்குத் தூக்கம் வருதா சார்?"

"இல்லை" என்றேன். அவள் பாவம், நம்பிவிட்டாள். "பாத்துக்கிடுங்க சார், ஒடம்பக் கெடுத்துக்கிடாதீக" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, பிசிறு வெட்டப் போனாள்.

எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.