குண்டுமூக்கு எஞ்சினும் தீக்காரி பொற்கொடியும்

முந்தல் சோதனைச்சாவடிக்குக் கீழே, மலை ஏறும் ஜீப்புகள் டீ குடிக்க நிற்கும் இடத்தில், ஒருநாள் காலை போக்குவரத்து மொத்தமாக நின்றுபோனது. நீளமான டிரெய்லர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. அதன்மேல் ஒரு நீராவி எஞ்சின். உடம்பெல்லாம் கறுப்பு. முகம் மட்டும் துப்பாக்கிக் குண்டின் முனைபோலக் கூம்பியிருந்தது. அந்த முனையில் விளக்கும், விளக்கைச் சுற்றி மங்கிப்போன வெள்ளி நட்சத்திரமும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்பிலிருந்து இறங்கி செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொற்கொடி படம் எடுக்கவில்லை. பக்கவாட்டில் போய் எண்ணைப் பார்த்தாள். கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தொன்று. அவளுடைய அப்பா ராக்கையாவைக் காவு வாங்கிய எஞ்சின் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. எஞ்சின் யாரையும் கொல்லாது, ஓட்டை எஞ்சினை ஓடச் சொன்னவன்தான் கொன்றான் என்பாள். அந்த ஆளின் பெயரும் அவளுக்குத் தெரியும்.

ராக்கையா சிலமலைக்காரர். போடி ஸ்டேஷனில் கரி அள்ளும் கூலியாகச் சேர்ந்து, பிறகு பெரிய ஜங்ஷன் ஒன்றின் எஞ்சின் ஷெட்டில் பயர்மேன் ஆனார். குண்டுமூக்கு எஞ்சின் அப்போது மெயில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று அதற்கு அப்படி ஒரு முகம் செய்தார்கள். பார்க்க அழகுதான். காற்றைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள், அடுப்புக்கு நேரே நின்று மணிக்கணக்கில் கரி வீசுகிறவனைப் பற்றி எவ்வளவு யோசித்தார்கள் என்பதை எஞ்சின் மேடையில் ஏறிப் பார்த்தால் தெரியும். முன்னால் நெருப்பு, பின்னால் கரி. நடுவில் ஒரு மனிதன் நிற்க இரண்டடி இடம்.

எழுபத்தொன்பதில் பாய்லர் குழாய் ஒன்று ஒழுகத் தொடங்கியது. ராக்கையா ஷெட் மேற்பார்வையாளரிடம் சொன்னார். ஒருதடவை அல்ல, மூன்று பயணம் தொடர்ந்து சொன்னார். மேற்பார்வையாளர் பெயர் பால்ராஜ். எஞ்சினை நிறுத்தினால் மெயில் தாமதமாகும், மெயில் தாமதமானால் மேலிடத்தில் கேள்வி வரும். "ஓட்ட முடிஞ்சா ஓட்டு, இல்லேன்னா ஊரப்பாத்துப் போய் மாடு மேயி" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு வழியில் குழாய் வெடித்தது. கொதிக்கும் ஆவி அடுப்பு வாய் வழியாக மேடைக்குத் திரும்பி அடித்தது. டிரைவர் ஓரமாக நின்றதால் கை வெந்ததோடு தப்பினார். ராக்கையா தப்பவில்லை.

டிரைவர் வீட்டுக்கு வந்து, ராக்கையாவின் மனைவி கருத்தம்மாள் முன்னால் உட்கார்ந்து அழுது, நடந்ததை எல்லாம் சொன்னார். விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. பால்ராஜ் திறந்தார். பயர்மேன் பாய்லர் தண்ணீரைக் கவனிக்கவில்லை, கவனக்குறைவு என்றார். முடிந்தது. ஷெட்டில் இருந்தவர்களுக்கு வேறொரு காரணமும் கிடைத்தது. அந்த வருடம் ஆயுதபூசை அன்று நாற்பத்தொன்று ஷெட்டில் இல்லாமல் லைனில் போயிருந்தது. அதற்குப் பூசணிக்காய் உடைக்கவில்லை. அதனால் அது பலி கேட்டுவிட்டது. இரும்புக்கு வயிறு கிடையாது, பசியும் கிடையாது. பசி ஒரு ஆளின் பதவிக்கு இருந்தது. ஆனால் பூசணிக்காய்க் கதை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பால்ராஜ் செலவிலேயே அடுத்த வாரம் ஒன்று உடைத்தார்களாம்.

கவனக்குறைவால் செத்தவன் குடும்பத்துக்கு ரயில்வேயில் வேலை இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு கருத்தம்மாள் மலைக்குப் போய் ஏலத்தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் சேர்ந்தாள். பொற்கொடிக்கு எட்டு வயது. லயத்துப் பிள்ளைகள் சண்டை வந்தால் "கவனமில்லாதவன் மக" என்று கத்துவார்கள். இந்தச் சொல் மலை ஏறி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கருத்தம்மாள் சாகிறவரை எஞ்சின் எண்ணையும் பால்ராஜ் பெயரையும் சேர்த்தே சொன்னாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அந்தச் சொல்லைச் சொன்ன வாயே அதைத் திரும்ப எடுக்க வேண்டும்.

பொற்கொடி காய் பறித்தாள், களை எடுத்தாள், பிறகு ஸ்டோருக்கு வந்தாள். ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை ஸ்டோர் என்பார்கள். வெளியே ஒரு அடுப்பு; அதிலிருந்து தகரக் குழாய்கள் அறையைச் சுற்றி ஓடிப் புகைபோக்கியில் முடியும்; குழாய்களுக்கு மேலே வலைத் தட்டுகளில் பச்சைக் காய். தீ கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் புழுங்கிவிடும். ஆண்கள்தான் தீ போடுவார்கள். ஒரு மழைக்காலத்தில் தீக்காரன் குடித்துவிட்டு விழுந்து கிடக்க, பொற்கொடி போய் விறகைத் தள்ளினாள். விடிந்து தட்டைக் கவிழ்த்தபோது காய் கிளிப்பச்சை. அன்றிலிருந்து அவள்தான் தீக்காரி.

ஸ்டோரில் ஒரு முறை உண்டு. காய் முக்கால் உலர்ந்ததும் தீயை அடங்கவிட்டு, கம்பியை இழுத்துப் புகைபோக்கி மூடியைச் சாத்துவார்கள். சூடு குழாய்க்குள்ளேயே நிற்கும். தீ அடங்குமுன் சாத்தினால் புகையும் சுவாலையும் போக வழியில்லாமல் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி முகத்தில் அடிக்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அதைச் செய்து புருவத்தை இழப்பார்கள். பொற்கொடியும் இழந்திருக்கிறாள். தன் அப்பாவின் கடைசி நொடி எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

எஞ்சினை வாங்கியவர் ஏலக்காய் வியாபாரி சின்னமுத்து. எஞ்சின் ஓய்வு பெற்றபின் ஏதோ ஒரு பயிற்சிப் பள்ளி வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. முந்தலில் அவர் கட்டியிருக்கும் ரிசார்ட்டுக்கு முன்னால் நிறுத்தித் துரு சுரண்டி வண்ணம் அடித்தார். அது வந்த மூன்றாம் நாளே யாரோ அந்த மூக்கில் சந்தனம் பூசிவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் சேர்ந்தன. செத்தவனுக்கு ஒரு பூவும் இல்லை.

போடியில் இருந்த சின்னமுத்துவின் ஸ்டோரில்தான் அப்போது பொற்கொடி வேலை பார்த்தாள். அவர் ஒருநாள் வந்தார்.

"ஏத்தா பொற்கொடி, தெறப்பு விழா அன்னைக்கு எஞ்சினுக்குள்ள தீயப் போட்டுப் பொகை வரவைக்கணும். வெறும் பொகைதான். பாய்லர்ல சொட்டுத் தண்ணி கெடையாது. நம்ம ஸ்டோர் மாதிரியே புகைபோக்கிக்கு ஒரு மூடியும் கம்பியும் போடச் சொல்லியிருக்கேன், மழை எறங்காம இருக்க."

"செஞ்சுரலாம் மொதலாளி. யாரு தெறக்குறா?"

"பால்ராஜ் சாரு. அந்தக் காலத்துல ஷெட்டையே ஆட்டிவச்ச மனுசன். இந்த எஞ்சினப் பிள்ளை மாதிரி வளத்தது அவருதான். எம்பது வயசுலயும் என்னா கம்பீரம்!"

பொற்கொடி கையிலிருந்த விறகை அடுப்பில் வைத்தாள். "நல்லாச் செஞ்சுரலாம்" என்றாள்.

வெல்டர் சுருளிவேல் எஞ்சின் மேடையில் மூடிக் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அவள் போய் நின்றாள். விசில் ஊத ஒரு கம்ப்ரசரை மறைவாக வைத்துக் குழாய் இழுத்திருந்தான்.

"அண்ணே, அந்தக் காத்துக் கொழாயில இருந்து பிரஷர் முள்ளுக்கும் ஒண்ணு குடுங்க."

"எதுக்குத்தா? வெறும் விசிலுக்குத்தானே காத்து."

"முள்ளு ஏறுனாத்தான பாக்க நெசம்போல இருக்கும். போட்டோ எடுப்பாக."

"நீ என்னமோ மெட்ராசுக்கே ஓட்டிட்டுப் போறவ மாதிரி பேசுற. சீட்டு போட்டுத் தரவா?"

"தேனி வரைக்கும் போதும், அங்க எறங்கி பஸ்சுல வந்துருவேன். வெரசா மாட்டுங்கண்ணே."

சிரித்துக்கொண்டே மாட்டினான். இணைப்பு ஒன்றில் காற்று 'ஸ்ஸ்' என்று கசிந்தது. இறுக்கப் போனான். "மதி, போதும், இருக்கட்டும்" என்றாள் அவள். மலைக்காரி வாயில் மலையாளம் வரும்போது மறுபேச்சு கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

விழா காலையில். பால்ராஜ் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலரில் குட்டி மைக் குத்தியிருந்தார்கள், எஞ்சின் மேலே ஏறியபிறகும் பேச வசதியாக. எஞ்சினுக்கு முன்னால் அவர் பெயரோடு கல் பலகை: 'இதைக் காத்து வளர்த்தவர்'. அவர் பேசினார். எத்தனை மெயில், எத்தனை மைல் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு தடவ ஒரு பயர்மேனோட கவனக்குறைவால ஒரு விபத்து. பாவம், போய்ச் சேந்துட்டான். அந்த வருசம் பூசை தவறிப்போச்சு. எஞ்சின் பலி கேட்டா குடுக்காம முடியுமா?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பொற்கொடி எஞ்சின் மேடையில் நின்று அடுப்புக்குள் பச்சை விறகைத் தள்ளினாள்.

அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுச் சின்னமுத்து கீழே நின்றுகொண்டார். பாய்லரில் தண்ணீர் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பால்ராஜ் விசில் கம்பியை இழுத்தார். மலையில் மோதித் திரும்பியது சத்தம். கைதட்டல். அவருக்குப் பிடித்திருந்தது, இன்னொருமுறை இழுத்தார். பொற்கொடி அவருக்கும் படிக்கும் நடுவில் நின்றாள்.

"நீ யாரும்மா?"

"தீ போடுறவ."

"பேஷ். முள்ளெல்லாம் ஏறியிருக்கே." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆமா, என்ன சத்தம் இது?"

"ஒழுகுது சார்."

"என்னது ஒழுகுது?"

"கொழாய்தான். பழைய கொழா. அன்னைக்கு நீங்க ஓட்டுன்னு அனுப்பிவிட்டதே."

இதைச் சொல்லிவிட்டு அவள் நனைத்த சாக்கை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு மூடிக் கம்பியை இழுத்தாள்.

புகைபோக்கி அடைத்தது. அடுப்பு வாயிலிருந்து கறும்புகை பொங்கி மேடையை நிறைத்தது. நடுவில் ஒரு சிவந்த நாக்கு வெளியே நீண்டு உள்ளே போனது. அவர்மேல் படவில்லை. படாதபடி எவ்வளவு விறகு வைக்க வேண்டும் என்பது அவள் தொழில். ஆனால் அந்த நாக்கை, ஏறியிருந்த முள்ளை, 'ஸ்ஸ்' சத்தத்தைப் பார்த்த பால்ராஜுக்கு எண்பது வயது மறந்தது, கம்பீரம் மறந்தது, பூசணிக்காயும் மறந்தது. மைக் மட்டும் காலரில் இருந்தது.

"தீய வெளிய இழு! இழுடி! கொழா தாங்காது, வெடிச்சிரும்!" ரிசார்ட்டின் எல்லா ஒலிபெருக்கியிலும் அவர் குரல். "வெளிய விடு என்னைய! அது ஒழுகுதுன்னு அவன் சொன்னான், நாந்தான் கேக்கல, வெடிச்சிரும்!"

"யாரு சொன்னா?"

"அவன்... ராக்கையா! மூணு தடவ சொன்னான்! தெற!"

"தண்ணிய அவரு கவனிக்கலையா?"

"தண்ணியெல்லாம் இருந்துச்சு! நெறைய இருந்துச்சு! விடும்மா, சாகப்போறோம்!"

பொற்கொடி கம்பியை விட்டாள். மூடி திறந்து புகை மேலேறியது. ஒரு நிமிடத்தில் மேடை தெளிந்தது. கரி அப்பிய வேட்டியோடு, படிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கீழே இருநூறு முகங்கள். அத்தனை செல்போனும் தூக்கியபடி.

"பாய்லர்ல தண்ணியே இல்ல சார்" என்றாள் அவள். "வெறும் காத்து. நான் ராக்கையா மக."

சின்னமுத்து பாய்ந்து வந்தார். "என்னத்தா சோலி பாத்த! வயசான மனுசன், நெஞ்சு நின்னிருந்தா?"

"எங்கப்பனுக்கு வயசாகவே விடலையே மொதலாளி. முப்பத்தி நாலோட நிறுத்திட்டாரு."

"எறங்கு கீழ. இனிமே என் ஸ்டோர் பக்கம் வராத."

"வரல. அந்தக் கல்லுல எழுதியிருக்கத மொதல்ல எடுங்க."

அவர் எடுக்கச் சொல்லவில்லை. சுருளிவேல்தான் யாரையும் கேட்காமல் கிரைண்டரைக் கொண்டுவந்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தான். கூட்டத்தில் தடுக்க ஒருவரும் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ போடி, தேவாரம், பூப்பாறை என்று சுற்றியது. பழைய ரயில்வேக்காரர்கள் பேரன் செல்போனை வாங்கிப் பார்த்தார்கள். சிலர் அவள் செய்தது கொடுமை என்றார்கள். ஒரு பிணத்தின்மேல் பொய்யை ஏற்றி நாற்பத்தைந்து வருடம் மாலை வாங்கியது கொடுமை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் ஊரில் இரக்கத்துக்குக்கூடப் பதவி பார்த்துத்தான் வழி தெரியும்.

பத்து நாள் கழித்துப் பால்ராஜின் மகன் போனில் பேசினார். மரியாதையான குரல்.

"அப்பா சரியாச் சாப்பிடுறதில்லைங்க. வெளிய தலைகாட்ட முடியல. நீங்க அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்க. அவரு ஒங்க வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேக்கத் தயாரா இருக்காரு. நாலு பேருக்குத் தெரியாம, அமைதியா."

பொற்கொடி அப்போது பூப்பாறையில் வேறொரு ஸ்டோரில் சேர்ந்திருந்தாள். அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"கவனக்குறைவுன்னு ஊரறியச் சொன்னாரு. வீட்டுக்குள்ள வந்து காதுல சொல்லித் திரும்ப எடுத்துக்குறதா? விசாரணை வச்ச ஆபீசு இன்னும் இருக்குல்ல, அங்க போயி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"எம்பது வயசுல அவர அலைய விடணுமா? கொஞ்சம் மனசு வைங்க."

"வைக்கல. சொன்னது செத்தவரப் பத்தி, அவருக்குப் பதில் பேச வாயில்ல. ஒங்கப்பாவுக்கு இன்னும் இருக்கு. இருக்குறப்பவே சொல்லிறச் சொல்லுங்க."

காய்க்கு இன்னும் சூடு வேண்டியிருந்தது. அவள் போனை வைத்துவிட்டு விறகை உள்ளே தள்ளினாள்.