முறுக்கு மாவும் விகிதக் கணக்கும்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல விகிதம்னா சிவப்புப் பெயின்டையும் நீலப் பெயின்டையும் கலக்கச் சொல்லும். எங்க பிள்ளைகள்ல யாரு பெயின்ட் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கு? சாக்கோட்டைப் பக்கம் எங்க பள்ளிக்கூடத்தைச் சுத்தி இருக்கிறதெல்லாம் பலகாரம் போட்டு விக்கிற வீடுக. காலையில வாசலைத் தாண்டும்போதே எண்ணெய்ச்சட்டி வாசம் மூக்கைத் துளைக்கும். அதனால அந்தப் பாடத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டு நானே ஒண்ணு எழுதுனேன். வீட்டுல முறுக்குக்கு அரிசி எத்தனை படி, உளுந்து எத்தனை படின்னு கேட்டுட்டு வாங்கன்னு பிள்ளைகளை அனுப்புனேன்.

அங்கதான் மாட்டிக்கிட்டேன். தொழில் பண்ற வீட்டுல போயி மாவு அளவைக் கேக்கலாமா? வந்த மருமகளுக்கே சட்டுன்னு சொல்ல மாட்டாக.

மறுநாள் ஒரு அம்மா மகளைக் கையில பிடிச்சு இழுத்துக்கிட்டு தலைமையாசிரியர் அறைக்கே வந்துட்டாக. என்னையும் கூப்பிட்டு விட்டாரு.

"நான் ஒரு அளவைச் சொல்லிவிட்டா, அது பொய்யின்னு என்னையவே சண்டைக்கு இழுக்குறா டீச்சர்! நீங்க பாடம் நடத்துறீகளா, எங்க பொழப்பக் கெடுக்குறீகளா?"

தலைமையாசிரியர் பதறிட்டாரு. "இந்த வம்பே வேணாம் டீச்சர். பேசாம புத்தகத்துக்கே போயிருங்க."

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. அந்தப் பொண்ணு விகிதக் கணக்குன்னாலே வெறும் தாளை நீட்டுறவ. மறுபடி பெயின்ட்டுக்குப் போனா மறுபடி வெறும் தாள்தான்.

"பெயின்ட் கணக்குல இவ எழுதுன ஒரு வரியைக் காட்டுங்க சார். இப்பவே நிறுத்திர்றேன்"னேன்.

நான் அவ பக்கம் திரும்புனேன். "பொய்யின்னு எப்படிடீ கண்டுபிடிச்ச?"

"ரெண்டு படி அரிசிக்கு ஒரு படி உளுந்துன்னுச்சு அம்மா. அப்படின்னா ஒரு மூட்டை அரிசி வாங்குனா அரை மூட்டை உளுந்து வாங்கணும்ல டீச்சர்? எங்க வீட்டுக்கு அவ்வளவு உளுந்து வந்ததே இல்ல."

அந்த அம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டாக. "அடிப்பாவி!"

எனக்குச் சந்தோஷம் தாங்கல. அத்தனை நாள் ஊமையா உட்கார்ந்திருந்த பிள்ளை, பெத்தவளையே கணக்குல மடக்கிருச்சு.

தலைமையாசிரியருக்கும் ஆசை வந்துருச்சு போல. நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டாரு. "அப்ப சரியான அளவு என்னம்மா?"

அவ நிமிந்து பார்த்தா. "அதச் சொல்ல மாட்டேன் சார்."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. மகள் கையை விட்டாக. "வகுப்புக்குப் போடீ. டீச்சர் காத்துக்கிட்டு இருக்காக."