யார் பாட்டு என்று கேட்கக் கூடாது

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையின் பெண்கள் சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டுக் கட்டுகிறவர்கள் அதைத் தாங்களே வந்து பாடக் கூடாது. கிராமம் கிராமமாக நடந்து வேதம் சொல்லும் பைபிள் உமனிடம் வரியையும் மெட்டையும் முன்கூட்டியே பாடிக் காட்டிவிட வேண்டும். எந்த மெட்டையும் சட்டென்று பிடித்துக்கொள்கிற காது அந்த அம்மாளுக்கு. வாயோ பூட்டுப் போட்ட வாய். சனிக்கிழமை மத்தியானங்களில் சங்கத்தில் எழுந்து நின்று அவர் ஒவ்வொரு பாட்டாகப் பாடுவார், நான் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பேன். வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கத்திலிருந்து வந்த பெண்களும் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு மனதில் பட்டதைச் சொல்வார்கள்; அதை வைத்துத்தான் பண்டிகைப் பாட்டு தேர்வாகும். யார் பாட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது. முகத்துக்கு அஞ்சி யாரும் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான். அதையும் கெடுத்தவள் நான்.

பாட்டு தொடங்கியதுமே இது இன்னாருடையது என்று மோப்பம் பிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. வத்திராயிருப்புக்காரர்கள் பாட்டில் கண்மாயும் வாய்க்காலும் வராமல் இருக்காது. ஐயரம்மா பாட்டு இழுக்கும். குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த அம்மாள் பாளையங்கோட்டை போர்டிங்கில் பியானோ படித்தவர். தமிழ்ப் பாட்டையும் வெள்ளைக்காரன் ராகத்தில் இழுத்துவிடுவார். முந்தின வருஷம் என் பாட்டைக் கேட்டுவிட்டு, "இது பாட்டா, ஒப்பாரியா?" என்று அவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் தெரிந்துதான் சொன்னார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வருஷம் பூராவும் அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின; ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்குவதற்குள் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகிவிடும். அங்கே மில்லில் வேலை பார்க்கிறவருக்கு வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், என் கணவரின் தங்கை, அந்தச் சனிக்கிழமை சங்கத்துக்கு வந்திருந்தாள். "நீங்க பெட்டி வாசிக்கதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு மதினி" என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சும்மா பாட்டுக் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு, "வெடித்த பஞ்சு வெளுத்திருக்க, என் நெஞ்சு வெளுப்பதெப்போ" என்று பைபிள் உமன் எடுத்தார். 'எப்போ'வில் ஒரு நீண்ட இழுப்பு. அதைக் கேட்டதும், மாட்டினார் ஐயரம்மா என்று எனக்குள் ஒரே குஷி. பருத்திக்காட்டுப் பக்கமே போகாத ஐயரம்மாவுக்குப் பஞ்சு வெடிப்பது எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட இல்லை. விரல்கள் பாட்டுக்குப் பின்னாலேயே ஓடின. மனசு, என்ன சொல்லிக் குத்தலாம் என்று வார்த்தை தேடப் போய்விட்டது.

முடிந்ததும் முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். "பஞ்சு வெளுக்கது இருக்கட்டும், கேக்கவ தலை வெளுத்துரும் போலிருக்கே! இத பண்டிகைக்குப் பாட வேண்டாம், பிள்ளையளத் தூங்க வைக்கப் பாடலாம்."

பாய் முழுக்கச் சிரிப்பு. நாத்தனாரும் சிரித்தாள்; மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐயரம்மாவும் சிரித்தார். அடி கெட்டிக்காரி, தன் பாட்டைத் தானே சிரித்து மறைக்கிறாளே என்று எண்ணிக்கொண்டேன். நான் சொன்னதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டு தள்ளுபடியாயிற்று.

மறு வாரம் ராஜபாளையம் போனேன். நாத்தனார் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வா தங்கச்சி. எங்க வீட்டுப் பாட்டச் சேத்துக்கிட்டாவளா? கேட்டா இவ வாயத் தொறக்க மாட்டேங்கா. கட்டுன மொதப் பாட்டு. மதினி என்ன சொல்லுதாவன்னு பாக்கணும்னு உன்கிட்டக்கூட மூச்சு விடாம வந்தாளே. வெடித்த பஞ்சுன்னு ஆரம்பிக்குமே, அதுதான்."

தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உள்ளே போனேன். அடுப்படியில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு நல்லாத்தான்டி இருந்துச்சு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "அன்னைக்கு யாரு பாட்டுன்னு தெரியாம சொன்னிய மதினி. அதத்தான் நான் நம்புவேன். இன்னைக்குத் தெரிஞ்சுல்லா சொல்லுதிய."

சட்டத்தின் அருமை என்னைவிட அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. தனக்குப் பாட்டுக் கட்ட வராது என்று என் சொல்லை வைத்து அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. எப்படியாவது அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்று உள்ளதைக் கொட்டிவிட்டேன்.

"ஏட்டி, அது ஐயரம்மா பாட்டுன்னு நெனச்சேன். போன வருசக் கோவத்துல அவியளக் குத்தணும்னுதான் அப்படிச் சொன்னேன். பாட்டுல ஒரு குத்தமும் இல்ல."

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப சரணத்துல என்ன வருது மதினி?"

எல்லாச் சரணத்துக்கும் பெட்டி வாசித்தவள் நான். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "இப்பப் பாடுட்டி, கேக்கேன்" என்று கெஞ்சினேன்.

"செத்த நேரத்துல பஸ் வந்துரும். சாப்பிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். மறந்துபோச்சு என்பாள். பைபிள் உமனிடமும் போனேன். கட்டினவள் சொல்லாமல் தள்ளுபடியான பாட்டைப் பாட மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? எனக்கென்றே யாரோ சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த வருஷப் பண்டிகைக்குத் தேர்வானது என் பாட்டு. ராஜபாளையத்திலிருந்து நாத்தனாரும் வந்திருந்தாள். பெண்கள் வரிசையில் என் கண்ணுக்கு நேராக நின்று பாடினாள். எல்லாச் சரணமும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.