மேடை மட்டும் வெள்ளை

ஐயம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரே கிணறு. பக்கத்து ஊரில் காலரா என்றதும் பஞ்சாயத்து ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். கிணற்று மேடையெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்ததால், நம்பிக் காய்ச்சாமலே குடித்தோம்.

மறுநாள் எதிர்வீட்டில் வாந்திபேதி. பதறிப்போய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்தேன். மருந்து வாடையே இல்லை!

அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பட்டுக்குச் சாயம் போடும் என் மாமனார் மெதுவாகச் சொன்னார்: "உள்ள போட்டா சாயம் வெளுத்துடும்மா. மேடையில மட்டும் தூவிட்டுப் போப்பான்னு நான்தான் சொன்னேன்."

"குடிக்கிற தண்ணியாச்சே மாமா!" என்று கத்திவிட்டேன். என் குழந்தை அப்போதுதான் ஒரு டம்ளர் குடித்திருந்தது.

அன்றே ஆளை அழைத்துப் பவுடரைக் கிணற்றுக்குள் போட வைத்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது குழாய்த் தண்ணீர். மருந்து வாடை என்று எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு, வாடை வராத நாளில்தான் பயம். உடனே தண்ணீர் காய்ச்ச அடுப்பை மூட்டிவிடுவேன்.